நாற்பத்தொரு சரியான விடைகள்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பகல்பொழுதுதான் புத்திசாலியாக இருந்திருக்கிறேன். காலை பத்து மணி வாக்கில் தொடங்கி மாலை நாலரைக்கு முடிந்துபோன புத்திசாலித்தனம். அந்த ஆறரை மணி நேரத்துக்குள் என் தாய்மாமாவின் முதல் மகசூலைக் கருக்கிவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் நான் சராசரி ஆள். என்னால் யாருக்கும் பெரிய சேதம் கிடையாது. ஆகவே மந்தமான பிள்ளைகளைப் பெற்றவர்கள் மனம் தளர வேண்டாம். சேதம் எல்லாம் நன்றாகப் படிக்கிற நாளில்தான் வருகிறது.

அப்போது போடியில் தாவரவியல் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், பொது உயிரியல் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது போல ஒரு தாள். அதில் இரண்டு முறை தோற்றிருந்தேன். (முதல் முறை தோற்றபோது வீட்டில் அழுதார்கள். இரண்டாம் முறை, "சரி, சாப்பிட வா" என்றார்கள். பின்னதுதான் வலித்தது.)

அந்தத் தாளுக்கென்று எங்கள் துறையில் ஒரு கேள்விக் கொத்து கைமாறிக்கொண்டிருந்தது. எந்த அண்ணன் தொகுத்தாரோ தெரியாது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஜெராக்ஸ் எடுத்ததில் எழுத்துகள் பிழைத்துக்கொண்டன, படங்கள் பிழைக்கவில்லை. செல்லின் குறுக்குவெட்டுத் தோற்றம் என்று கீழே எழுதியிருக்கும். மேலே நசுங்கிய தோசை ஒன்று கிடக்கும். கேள்விகள் ஒரு கொத்து, பச்சை நூலில் தைத்தது. விடைகள் தனிக் கொத்து, குண்டூசி குத்தியது. பார்த்துப் படிக்கும் சபலம் வரக் கூடாதென்று யாரோ ஒரு மகான் அப்படிப் பிரித்து வைத்திருந்தார். அந்தக் குண்டூசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மாதம். தெருவில் வரிசையாகக் கல்யாணங்கள். முக்குக்கு முக்கு ஒலிபெருக்கி. படிக்க உட்கார்ந்தால் குரோமோசோம்கள் எல்லாம் நாதஸ்வரத்துக்கு ஆடின. அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மேல மாமாகிட்டப் போயி இருந்து படி. அங்க பேச்சுத் தொணைக்கே ஆள் கெடையாது. குளிருக்குத் தூக்கமும் வராது."

தூக்கம் வராது என்பது எவ்வளவு பெரிய தவறான கணிப்பு என்று அம்மாவுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு விடிகாலை ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். முந்தல் தாண்டியதும் சாலை ஒரு வளைவு வளைந்து மேலே ஏறியது, இன்னொரு வளைவு வளைந்து மேகத்துக்குள் நுழைந்தது. திரும்பிப் பார்த்தால் கீழே தென்னைகளும் வயல்களும் யாரோ உதறிப் போட்ட பாயைப் போல. மேலே வந்தால் பாயும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் வெண்மை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு மணம் முதலில் வரும். பிறகுதான் மரங்கள் வரும். மரங்களுக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஏலச் செடிகள். அவற்றுக்கு நடுவில், தகரக் கூரையிலிருந்து புகை விட்டபடி, மாமாவின் ஸ்டோர்.

ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கும் கட்டடம். பறித்த பச்சைக் காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடைத்த அறைக்குள் அடுக்கி, வெளியே அடுப்பில் விறகெரித்து, அந்தச் சூட்டைத் தகரக் குழாய்களில் உள்ளே சுற்றவிடுவார்கள். சூடு குறைந்தால் காய் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். கூடினால் பச்சை ஓடிப்போகும், தோல் வெடிக்கும். ஏலக்காய்க்கு நிறம்தான் மானம்.

அம்மாவின் தம்பி பரமன் மாமா இருபது வருடம் அடுத்தவர்களின் ஸ்டோர்களில் அந்த மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவர். மற்றவர்கள் சுவரில் வெப்பமானி மாட்டுவார்கள். மாமா உள்ளங்கையைக் கதவுத் தகரத்தில் வைப்பார், கண்ணை மூடுவார். "ஒரு கட்டை" என்பார். அல்லது "விடு, போதும்" என்பார். அவர் காயவைத்த சரக்கு போடி ஏலக்கூடத்துக்குப் போகும்போது தட்டில் கிளிக்குஞ்சுகளைப் பரப்பியது போல இருக்கும். மைக்கில் பேர் வாசிப்பார்கள். வாசிக்கிற பேர் தோட்டக்காரருடையது. மாமா சுவரோரம் நின்று கேட்டுவிட்டு ஜீப் ஏறிவிடுவார்.

அந்த வருடம்தான் ஒரு சரிவைக் குத்தகைக்குப் பிடித்து, இடிந்து கிடந்த ஸ்டோர் ஒன்றைத் தகரம் ஒட்டி எழுப்பி, சொந்தமாகச் செடி பார்த்திருந்தார். முதல் பறிப்பு முடிந்திருந்தது. அந்த வாரம் ஏலத்தில் முதன்முறையாக மைக்கில் அவருடைய பேர் வரவிருந்தது. வீடே அதைப் பற்றித்தான் பேசியது. அத்தை அவருக்கு வெள்ளைச் சட்டை ஒன்றை மடித்து, காற்றுப் படாமல் சாக்குக்குள் வைத்திருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் விடிகாலையில் தட்டுகளை ஏற்றினார்கள். முந்தின இரவு மழை. விறகு நமத்துப் போயிருந்தது. மாமாவின் மகள் ஈஸ்வரி அடுப்பைப் பற்றவைக்க அரை மணி நேரம் போராடினாள். நான் கம்பளிக்குள் இருந்தபடி இரண்டு முறை இருமி என் ஒத்துழைப்பைத் தெரிவித்தேன்.

ஈஸ்வரி என்னைவிட ஒரு வயது இளையவள். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தவள். அதற்கு மேல் படிக்கக் கீழே இறங்க வேண்டும், பஸ்சு தோதுப்படவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். முறைப்பெண். (அந்த வயதில் முறைப்பெண் இருக்கும் அறையில் எனக்கு முழங்கை எங்கே வைப்பது என்றே தெரியாது.)

பத்து மணிக்கு மாமா போடிக்குக் கிளம்பினார். ஏலத்துக்குப் பேர் கொடுக்க வேண்டும், புதுச் சாக்கு வாங்க வேண்டும். அத்தை ஏற்கெனவே காய் எடுக்கச் சரிவுக்குள் இறங்கிவிட்டாள். மாமா சுவரோரம் பன்னிரண்டு விறகுக் கட்டைகளை வரிசையாக அடுக்கினார். பிறகு கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"மாப்ளே, பன்னெண்டு கட்டை. நான் வர்ற வரைக்கும் இது போதும். ஒண்ணு எரிஞ்சு தணலானப்பறம் அடுத்தது. வெரசாப் போட்றாத. கதவத் தொறந்திராத. வேற ஒரு சோலியும் உனக்குக் கெடையாது."

"நீங்க போங்க மாமா. இது என்ன பெரிய வித்தையா?"

இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதற்கு ஈஸ்வரி சாட்சி.

மாமா போனதும் புத்தகத்தைத் திறந்தேன். அதோடு அடுப்பை மறந்தேன். ஈஸ்வரி வந்து ஒரு கட்டை போட்டாள். கட்டையைப் பார்த்ததும் புத்தகத்தை மறந்தேன். மணி பார்க்கலாம் என்றால் என் கைக்கடிகாரம் மலையேறிய அன்றே மூடுபனியைக் குடித்துவிட்டு நின்றிருந்தது. ஈஸ்வரி சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"மச்சான், நீ படிச்சா கட்டைய மறந்துர்ற. கட்டையப் பாத்தா படிப்ப மறந்துர்ற. ஒண்ணு செய்வமா? நான் கேள்வி கேக்குறேன். நீ சரியாச் சொன்னா ஒரு கட்டை போடு."

"தப்பாச் சொன்னா?"

"கட்டை கெடையாது. குளிர்ல கெட."

அடுப்பு அணைந்துவிடாதா என்று கேட்டிருக்க வேண்டும். என் கவலையோ வேறு பக்கம் இருந்தது: "பன்னெண்டும் சாயங்காலம் வரைக்கும் வரணுமே?"

"உன் வேகத்துக்குப் பன்னெண்டே மிச்சம் விழும்" என்றாள்.

உண்மையில் அது அற்புதமான ஏற்பாடு. முதல் கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்பை விவரி. நான் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். முதுகுப் பக்கம் ஈஸ்வரி. வெளிச்சவ்வு என்றேன். உட்சவ்வு என்றேன். உட்சவ்வு மடிந்து மடிந்து என்று சொல்லிவிட்டு, எதுவாக மடிந்தது என்று யோசித்தேன். வெளியே ஒரு மேகம் வந்து, நின்று, போனது. கிரிஸ்டே என்று கண்டுபிடித்தபோது கட்டை சரியாகத் தணலாகியிருந்தது. பின்னால் சரக் சரக்கென்று தாள் புரட்டும் சத்தம். பிறகு தீர்ப்பு.

"சரி. போடு."

போட்டேன். இப்படி மூன்று கேள்விகள், மூன்று கட்டைகள். அந்தக் காலை நேரத்தில் உலகத்திலேயே துல்லியமான கடிகாரம் என்னுடைய மந்தபுத்திதான். மாமாவின் காய்கள் உள்ளே சொகுசாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் அப்படியே இருந்திருக்கலாம்.

நாலாவது கேள்வியில்தான் எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. கோல்கை உறுப்புகளின் பணிகள் யாவை? "நம்ம கமிஷன் மண்டி மாதிரி" என்றேன். "வர்ற புரதத்த எல்லாம் தரம் பிரிச்சு, பையில அடைச்சு, இது இங்க போ, அது அங்க போன்னு அனுப்புற எடம்." நானே ஆச்சரியப்பட்டேன். இந்த வாயிலிருந்தா வந்தது?

"இன்னொண்ணு கேளு."

டி.என்.ஏ. இரட்டிப்பாவதைக் கேட்டாள். இரண்டு இழைகள் பிரிவதை, ஒன்று நேராகவும் இன்னொன்று துண்டு துண்டாகவும் வளர்வதை, போடிமெட்டுச் சாலையில் ஜீப்பு ஒரே மூச்சில் ஏறுவதையும் பஸ்சு வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏறுவதையும் வைத்து விளக்கினேன். சரி. கட்டை. தூது ஆர்.என்.ஏ. என்ன செய்யும்? சரி. கட்டை. தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா?

"கெடையவே கெடையாது" என்றேன், சிம்மாசனத்தில் சாய்ந்தபடி. "அதான் பச்சையம் இருக்கே, அப்பறம் அது எதுக்கு?"

சரக் சரக். "சரி."

குன்றல் பகுப்பின் முதல் நிலையில் உள்ள உட்பிரிவுகளைச் சொல் என்றாள். லெப்டோடீன், சைகோடீன், பாக்கிடீன், டிப்ளோடீன், டயாகைனசிஸ். ஒரே மூச்சு. இரண்டு வருடமாக வராத பெயர்கள், மழை விட்டதும் வரிசையாகப் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் போல வந்தன.

"ஆத்தாடி!" என்றாள் ஈஸ்வரி. "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். சொல்லிவிட்டுக் கணக்கில் கறாராக இருந்தேன். "அஞ்சு பேரு சொல்லிருக்கேன். அஞ்சு கட்டை."

"அது ஒரு கேள்விதான?"

"பரீட்சையில அஞ்சுக்கும் தனித்தனி மார்க்கு உண்டு புள்ள."

ஐந்து கட்டைகளை உள்ளே தள்ளினேன். சுவரோரம் அடுக்கியிருந்தது தீர்ந்துவிட்டது. தீர்ந்தது என்பது ஒரு தகவலாகவே எனக்குப் படவில்லை. அறையின் அந்தக் கோடியில், அடுத்த தட்டுகளுக்கென்று பெரிய விறகடுக்கு இருந்தது. அதிலிருந்து எடுத்தேன். அவை விறகாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை. பரிசுக் கோப்பைகளாகத் தெரிந்தன.

இதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பாட்டு போல நடந்தது. கேள்வி, விடை, சரக் சரக், சரி, கட்டை. கேள்வி, விடை, சரி, கட்டை. அடுப்பு ஹோவென்று பேசியது. தகரக் குழாய் டிக் டிக்கென்று விரிந்தது. எனக்கு வேர்த்தது. அறிவு வேர்க்கிறது என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி வைத்தேன். முறைப்பெண் இருக்கிறாளே என்ற கூச்சம்கூட எரிந்துபோயிருந்தது.

"நொதிகள் மீது வெப்பத்தின் விளைவு யாது?"

"சூடு ஏற ஏற மொதல்ல வேகமா வேல செய்யும்" என்றேன், ஒரு கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு. "ஒரு அளவத் தாண்டுனா அதோட வடிவமே கொலஞ்சு போயிரும். அப்பறம் ஆறவச்சாலும் திரும்பாது. போனது போனதுதான்."

"சரி."

போட்டேன்.

"பச்சையத்தின் மையத்தில் உள்ள உலோகம் எது? அது நீங்கினால் என்ன ஆகும்?"

"மக்னீசியம். சூட்டுல அது கழண்டுக்கிரும். பச்சை போயிப் பழுப்பாயிரும்."

"சரி."

அதற்கும் ஒரு கட்டை போட்டேன். எங்களுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு தகரக் கதவுக்கு அந்தப் பக்கம், மாமாவின் முதல் மகசூல் அந்த விடையைச் செய்முறையாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் இரண்டே இரண்டு தவறுகள். ஏலக்காயின் தாவரவியல் பெயரைக் கேட்டாள். "எலெட்டாரியா கார்டமோமம்" என்றேன். தப்பு என்றாள். வாதாடினேன், மசியவில்லை. இன்னொன்று, நெருங்கிய உறவில் திருமணம் செய்வதால் மரபியல் முறையில் ஏற்படும் விளைவுகள் யாவை? அந்தக் கேள்வியை வாசிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் மெதுவாயிற்று. நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. ஒடுங்கு பண்புகள் வெளிப்படும் வாய்ப்பு கூடும், ஆகவே தவிர்ப்பது நல்லது என்று மேடையில் பேசுவது போல முழங்கினேன்.

"தப்பு."

"எப்பிடித் தப்பு? வகுப்புலயே சொன்னாங்க."

"தப்புன்னா தப்பு. கட்டை கெடையாது."

அப்புறம் ஒரு மணம் வந்தது. ஏலக்காய் காயும்போது வரும் மணம் ஈரமும் பச்சையுமாக, குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி இருக்கும். இது வேறு. நெய்யில் முந்திரி வறுக்கிற அடுக்களைப் பக்கம் போனால் வருமே, அது.

"ஈஸ்வரி, யார் வீட்டுலயோ பாயசம்!"

அவள் எழுந்து நின்றாள். அங்கிருந்து பக்கத்து வீடு என்றால் இரண்டு வளைவு தள்ளி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு கதவைப் பார்த்தோம். அவள் ஓடிப்போய் அப்பாவைப் போலவே தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் உதறினாள்.

"ஐயையோ மச்சான்!"

வெளியே ஜீப்பு நிற்கிற சத்தம் கேட்டது. மாமா அதில் இல்லை. முந்தின வளைவிலேயே மூக்குக்குத் தெரிந்து, குதித்து, குறுக்குப் பாதையில் செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வாசல் சேற்றில் எறிந்தார். உஸ்ஸ், உஸ்ஸ். கதவைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு சூடு வந்து எங்கள் மூவரையும் முகத்தில் அறைந்தது.

தட்டுகளில் பழுப்புக் காய்கள். வாய் பிளந்த காய்கள். வெயிலில் கிடந்த ஆட்டுப் புழுக்கை மாதிரி (மாமாவே பிற்காலத்தில் சொன்ன உவமை). மாமா ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார், நாக்கில் வைத்தார்.

"எத்தன கட்டை மாப்ளே போட்ட?"

"நாப்பத்தொண்ணு மாமா."

"நான் எத்தன சொல்லிட்டுப் போனேன்?"

"பன்னெண்டு."

ஈஸ்வரிதான் குறுக்கே வந்து ஏற்பாட்டை விளக்கினாள். ஒரு சரியான விடைக்கு ஒரு கட்டை. மாமா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டும் சரியாச் சொன்னானா?"

"ரெண்டு தப்புப்பா."

மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். "நல்லவேள. அந்த ரெண்டுந்தான் ஸ்டோரக் காப்பாத்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், திண்டில் உட்கார்ந்து, புதுச் சாக்கைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

அத்தை அன்று மாலை என்னைத் திட்டிய திட்டுகளில் பாதி மலையாளம், மீதிப் பாதிக்கு எனக்குப் பொருள் தெரியாது. அந்தச் சரக்கைச் சத்தமில்லாமல் ஏதாவது மசாலாக் கடைக்குத் தள்ளிவிடலாம் என்றாள். மாமா ஒப்பவில்லை.

"பேரு குடுத்தாச்சு. சரக்கக் கொண்டு போகலேன்னா பேர வாசிக்க மாட்டாய்ங்க."

ஏலத்தன்று மாதிரிக் காய்ப் பையைச் சுமந்துகொண்டு நானும் போனேன். (தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பையை என் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.) போடி ஏலக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் தட்டில் சுற்றி வரும். வாங்க வந்தவர்கள் இரண்டு காயை எடுப்பார்கள், நகத்தால் பிளப்பார்கள், கடிப்பார்கள், மீதியைக் கீழே போட்டுவிடுவார்கள். மதியத்துக்குள் தரையெல்லாம் பச்சைக் கம்பளம். நடந்தால் காலடியில் நறுக் நறுக்கென்று நொறுங்கி ஊரே மணக்கும்.

எங்கள் தட்டு கிளம்பியது. பார்த்தவர்கள் கடிக்கவில்லை. முகர்ந்தார்கள், போட்டார்கள். அடுத்தவர் முகர்ந்தார், போட்டார். அந்தப் பச்சைக் கம்பளத்தின் மேல் எங்கள் காய் ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று என்னால் எண்ண முடிந்தது. குமுளிப் பக்கத்து வியாபாரி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மலையாளத்தில் கேட்டார்.

"இதெந்தா, வறுத்ததாணோ?"

கூடம் சிரித்தது. நான் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அப்போது மைக்கில் வரிசை எண் வந்தது. அதைத் தொடர்ந்து, இனிஷியலோடு, மாமாவின் பேர் வந்தது. யாரும் செய்யாத ஒரு காரியத்தை மாமா செய்தார். எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு நிற்பது போல. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கோடு நெஞ்சுக்குக் குறுக்கே தெரிய, கூடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்கள். பொடி அரைக்கிறவர் ஒருவர் கடைசியில் சரக்கைக் கேட்டு எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து டீ குடித்தோம். மாமா பாதி கிளாஸைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, பேரச் சொன்னான் பாத்தியா?"

"சொன்னாரு மாமா."

"இனிஷியலயும் சேத்துச் சொன்னான்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்த பறிப்பில் அவருடைய காய் மறுபடி கிளிக்குஞ்சாகப் போனது. ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது கிளிக்குஞ்சை அல்ல.

தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுதினேன். அவ்வளவு தெளிவாக நான் எந்தத் தேர்வையும் எழுதியதில்லை. ஸ்டோரில் வந்த கேள்விகளே பாதி வந்திருந்தன. ஒவ்வொரு விடை முடிந்ததும் கை தானாகப் பெஞ்சுக்கு அடியில் கட்டையைத் தேடியது. முடிவு வந்தது. மூன்றாம் முறையாகத் தோற்றிருந்தேன்.

எனக்கு அது விளங்கவே இல்லை. தாள் திருத்தியவரின் மேல் ஆண்டுக்கணக்காகக் கோபம் வைத்திருந்தேன். "நாப்பத்தொரு கேள்விக்குச் சரியாச் சொன்னவன் நான். ஈஸ்வரியக் கேளுங்க" என்று கல்யாண வீடுகளில் முறையிடுவேன். ஈஸ்வரியும் "ஆமா, சொன்னாரு" என்று தலையாட்டுவாள். நாலாம் முறை எப்படியோ தேறி, மருந்து விற்கும் வேலைக்குப் போய், ஒரு ஊரில் மூன்று வருடம் தங்காமல் பை தூக்கி அலைந்து, தலை நரைத்தும் அந்த வழக்கு மட்டும் என்னோடு கூடவே வந்தது. எங்கள் குடும்பத்தில் இதற்கிடையே மதிப்பெண் என்ற சொல்லே ஒழிந்துபோனது. பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தால், "எத்தன கட்டை?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருடம் ராசிங்காபுரம் போயிருந்தேன். ஈஸ்வரி வாழ்க்கைப்பட்ட ஊர். தென்னையும் தக்காளியும் போட்டு நன்றாக இருக்கிறார்கள். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மாமாவும் மகளோடு வந்துவிட்டார். ஈஸ்வரியின் மகள் கயல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டிலெல்லாம் கேள்வித்தாள்கள். எனக்குப் பழைய சூடு உடம்பில் ஏறியது.

"கேளு ஆத்தா, பெரியப்பா சொல்றேன்."

"தாவர செல்லுல மைட்டோகாண்ட்ரியா உண்டா பெரியப்பா?"

"கெடையவே கெடையாது. அதான் பச்சையம் இருக்கே."

கயல் செல்போனைத் தட்டினாள். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உண்டு பெரியப்பா. எல்லாச் செடியிலயும் உண்டு."

"எங்க காலத்துல கெடையாது" என்றேன். "வேணும்னா உங்க அம்மாவக் கேளு. விடைத்தாளப் பாத்துச் சரின்னு சொன்னவளே அவதான்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மச்சான், வெடைத்தாளு எங்க இருந்துச்சு?"

"என்னது?"

"அன்னைக்குக் காலையில வெறகு நமத்துப் போயிக் கெடந்துச்சுல்ல? பத்தவே இல்ல. உன் பையில மேலாப்புல காயிதம் கெடந்துச்சு. குண்டூசி குத்துனது. அதப் போட்டுத்தான் பத்த வச்சேன். அப்பறமாத்தான் அது வெடைன்னு தெரிஞ்சுச்சு. சொன்னா அடிப்பியோன்னு பயம்."

"அப்ப சரக் சரக்குன்னு பொரட்டுனியே?"

"உக்காந்திருந்த சாக்கு. நகத்தால சொரண்டுனேன்."

"சரி, சரின்னியே?"

"நீ சொல்றப்ப மொகம் அம்புட்டுத் தெளிவா இருந்துச்சு. இவ்வளவு தெளிவாச் சொல்றவன் தப்பாவா சொல்லுவான்னு..."

முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தேன், முகம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த மாமா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அப்ப அந்த ரெண்டத் தப்புன்னியே, அது எப்பிடிக் கண்ட?"

"நம்ம ஏலக்காய்க்குப் போயி ஏதோ வாயில நொழையாத பேரு சொன்னாரு. பொய்யுன்னு தெரிஞ்சு போச்சு."

"இன்னொண்ணு?"

ஈஸ்வரி எழுந்தாள். சேலையில் ஒட்டாத தூசியைத் தட்டினாள்.

"அது சரின்னு தெரியும்" என்றாள். "ஆனாலும் தப்புன்னேன்." மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் கயலின் கேள்வித்தாளைப் பார்த்தேன். அதில் ஒரு செல்லின் படம் இருந்தது. அச்சு நன்றாக இருந்ததால் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது.

கயல் இப்போதெல்லாம் மாதிரித் தேர்வு எழுதும் நாளில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுகிறாள். நேற்று நான் தென்காசியில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தபோது வந்தது:

"பெரியப்பா, இன்னைக்கு நூத்தி முப்பது கட்டை. தாத்தா என் நெத்தியில கைய வச்சுப் பாத்துட்டு, 'விடு, போதும்'னுட்டாரு."